வாசிகசாலைக் கணினியில் டெபியனும் போஸ்ட்கிரஸும்: 2018 முதல் இன்றுவரை

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையின் புத்தகப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் வேலை 2018இல் என் தலையில் விழுந்தது. 9,000க்குச் சற்று மேல் புத்தகம், கட்டுக்கட்டாகப் பழைய சஞ்சிகைகள், யாரோ கொடுத்துவிட்ட ஒரு பழைய கணினி. அதில் டெபியன் என்ற இயங்குதளத்தின் 9ஆம் பதிப்பைப் போட்டு, அதோடு வந்த தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸ் 9.6இல் தரவை ஏற்றினேன். இன்று அதே தரவு டெபியன் 13இல், போஸ்ட்கிரஸ் 17இல் இருக்கிறது. இடையில் போஸ்ட்கிரஸ் 11, 13, 15. நான்கு தாவல்.

தொண்டர்கள் சேர்ந்து நடத்தும் இயங்குதளம் என்றதும் எங்கள் நிர்வாகக் குழுவில் சிலர் முகம் சுளித்தார்கள். சம்பளமில்லாதவன் எத்தனை நாளைக்குச் செய்வான் என்பது அவர்கள் கேள்வி. சம்பளமில்லாமல் வாசிகசாலை நடத்துபவர்களே இதைக் கேட்டதுதான் வேடிக்கை.

ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டெபியன் புதிய நிலைப் பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொன்றிலும் போஸ்ட்கிரஸின் ஒரேயொரு பெரிய பதிப்புத்தான் இருக்கும். 15 என்றால் அந்த வெளியீடு முடியும்வரை 15தான். பிழைதிருத்தங்களுக்காகப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் மட்டும் ஏறும். அந்தச் சிறிய ஏற்றங்கள் இத்தனை வருடத்தில் ஒருமுறையும் என்னைச் சிரமப்படுத்தவில்லை. சில விநாடி நின்று மறுபடி ஓடும், அவ்வளவுதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் போன நாட்களிலும், யூபிஎஸ் செத்துக் கணினி பொத்தென்று நின்ற பிறகும், போஸ்ட்கிரஸ் தன் பதிவுக் கோப்பை வாசித்துத் தானாக எழுந்துகொண்டது.

சிரமம் எல்லாம் பெரிய தாவலில்தான். அதிலும் முதல் தாவலில் நான் பட்டது என் சோம்பலுக்குக் கிடைத்த கூலி.

2019இல் டெபியன் 10க்கு ஏறும்போது, போஸ்ட்கிரஸ் 9.6 பழையதாகிவிட்டது, மாற்றிக்கொள் என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. என்டரைத் தட்டிவிட்டேன். டெபியன் பழைய பதிப்பைக் கேட்காமல் தூக்காது. புதியதைப் பக்கத்தில் வெறுமையாக வைத்துவிட்டுப் பழையதை ஓடவிடும். ஓடுகிறதுதானே, பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். இரண்டு மாதம் போயிருக்கும். பொறுப்பாளர் மாஸ்டர் போன் எடுத்தார்.

“தம்பி, 1-1 எண்டு அடிச்சா அப்பிடியொரு புத்தகம் இல்லையாம். புத்தகம் என்ர கையில கிடக்கு.”

எங்கள் எண்முறை அலுமாரி எண், ஒரு கோடு, புத்தக எண். போய்ப் பார்த்தால் சில எண்கள் கிடைக்கின்றன, சில கிடைக்கவில்லை. மாஸ்டர் காணாமற்போனவற்றைத் திரும்பப் பதிந்தும் இருந்தார். ஒரே எண் இரண்டு தரம் வரக்கூடாது என்று நான் போட்டிருந்த கட்டுப்பாடு அதைத் தடுக்கவேயில்லை. அப்போதுதான் எனக்கு வயிறு கலங்கியது.

பிழை போஸ்ட்கிரஸில் இல்லை. எழுத்துகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பதை அது ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்திடம் கேட்கிறது. டெபியன் 9இல் இருந்தது ஜிலிப்சி 2.24, 10இல் 2.28. அந்த 2.28இல் வரிசை விதிகள் மாறிவிட்டன. முன்பு 11க்குப் பிறகு வந்த 1-1, இப்போது 11க்கு முன்னால் வரும். விரைவாகத் தேடுவதற்கென வட்டில் கிடந்த சுட்டியோ (இண்டெக்ஸ்) பழைய ஒழுங்கில் கட்டியது. ஒருவர் அடுக்கிய அலுமாரியில் இன்னொருவரின் முறைப்படி தேடினால் புத்தகம் எப்படி அகப்படும்? சுட்டியைத் திரும்பக் கட்ட ரீஇண்டெக்ஸ் கட்டளை கொடுத்தேன். இரட்டைப் பதிவு இருக்கிறது என்று அது மறுத்துவிட்டது. மாஸ்டரும் நானும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து இரட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். அப்புறம்தான் போஸ்ட்கிரஸ் 11க்குப் போனேன்.

இந்தத் தாவலுக்கென்று டெபியன்காரர் எழுதி வைத்திருக்கும் பிஜி-அப்கிரேட்கிளஸ்டர் கட்டளை அருமையான சாமான். சும்மா கொடுத்தால் தரவு முழுவதையும் இறக்கித் திரும்ப ஏற்றும், அதனால் சுட்டிகளும் புதிதாகக் கட்டப்படும். எங்கள் அளவுக்குச் சில நிமிடம். ஆனால் அதற்கு முதல், பக்கத்தில் வெறுமையாக நிற்கும் புதியதை அழிக்கவேண்டும். 13இலிருந்து 15க்குப் போன இரவு, அழிக்கும் கட்டளையில் 15 என்பதற்குப் பதிலாக 13 என்று அடித்து, என்டருக்கு மேலே விரல் நின்றது. 13இல்தான் முழு வாசிகசாலையும். அன்றைக்குப் பிறகு, முதல் நாள் எடுத்த பேக்அப் பென்டிரைவில் இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தக் கட்டளைக்குக் கிட்டவும் போவதில்லை.

15இல் இன்னொரு சின்ன இடறல். புதிதாக ஒரு தரவுத்தளம் தொடங்கினால், பப்ளிக் ஸ்கீமா என்ற பொதுவிடத்தில் எல்லாரும் அட்டவணை உருவாக்கும் அனுமதி இப்போது இல்லை. அங்கத்தவர் சந்தாவுக்கென்று தொடங்கியபோது அரை மணி நேரம் தலையைச் சொறிந்தேன். நல்ல மாற்றம்தான்.

குறை என்று பார்த்தால் காலக்கணக்கு. ஒரு பெரிய பதிப்புக்குப் போஸ்ட்கிரஸ் தரும் ஆயுள் ஐந்து வருடம். டெபியன் வெளியீட்டுக்கும் நீண்டகால ஆதரவோடு ஐந்து வருடம், ஆனால் டெபியனின் கணக்கு பிந்தித் தொடங்குகிறது. போஸ்ட்கிரஸ் 13 கடந்த 2025 நவம்பரோடு முடிந்தது. அதைச் சுமக்கும் டெபியன் 11க்கு 2026 ஓகஸ்ட் வரை ஆதரவு. அந்த இடைவெளியில் திருத்தங்களை டெபியன் பக்கத்து ஆட்களே பார்க்கவேண்டும். நீண்டகால ஆதரவு வேலைக்குப் பெரும்பாலும் ஊதியம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். எல்லாமே இலவச உழைப்பு என்று நினைத்தால் பிழை.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெடியன் இப்போது எனக்கு உதவிக்கு வருகிறான். போன மாதம் கேட்டான்: “அண்ணை, 18 வந்திட்டுது, நீங்கள் இன்னும் 17இலயா?” போஸ்ட்கிரஸ் திட்டமே டெபியனுக்கென நடத்தும் மென்பொருள் களஞ்சியத்தில் 18 கிடைக்கிறது, நம்பகமானதுதான், அவனுடைய மடிகணினியில் அதுவே ஓடுகிறது. ஆனால் 17க்கு 2029 நவம்பர் வரை ஆயுள் இருக்கிறது, மாஸ்டருக்கு வேண்டியது 1-1ஐத் தேடினால் 1-1 வருவது. டெபியன் 14 வரட்டும், அந்தத் தாவலை நீயே செய் என்றேன். சரி என்றவன், பழைய பேக்அப் ஒன்றைத் தன் மடிகணினியில் ஏற்றி இப்போதே ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டான்.