சேலத்தில் வீடு கட்ட சைட் இன்ஜினியர் வைப்பது: லீவில் வருகிறவர்களுக்கு

மூன்று வாரம் லீவில் வந்து, பூமி பூஜை போட்டு, கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் நம்மில் அதிகம். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு மாதம் அந்த மனையில் யார் நிற்கிறார்கள் என்பதில்தான் வீட்டின் தலையெழுத்தே இருக்கிறது. இந்தப் பயணத்தில் கன்னங்குறிச்சி, அழகாபுரம், கொண்டலாம்பட்டி பக்கமும் ஏற்காட்டிலும் நடக்கிற வேலைகளைப் பார்த்து, மேஸ்திரிகளிடமும் இன்ஜினியர்களிடமும் பேசிச் சேர்த்தவை இவை.

சேலத்தில் மேற்பார்வைக்கென்று கிடைப்பவர்கள் நான்கு வகை. முதல் வகை, கான்ட்ராக்டரே அனுப்பும் சூப்பர்வைசர். அவருக்குச் சம்பளம் கான்ட்ராக்டர் கொடுப்பதால் அவர் கண் கான்ட்ராக்டருக்காகத்தான் பார்க்கும். இரண்டாவது, பிளான் வரைந்த இன்ஜினியர். பிளான் ஃபீஸோடு மேற்பார்வையும் சேர்த்தி என்பார்கள். ஆனால் வாரம் ஒருமுறை, அதுவும் போகிற வழியில் எட்டிப் பார்ப்பதோடு சரி. மூன்றாவது, சொந்தக்காரர். மாமாவோ சித்தப்பாவோ பாசத்தோடு தினமும் போய் நிற்பார், சிமெண்ட் மூட்டையை எண்ணுவார். கம்பி இடைவெளி சரியா என்று அவரிடம் கேட்பது அவருக்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல. நான்காவது, வீட்டுக்காரர் தனியாகச் சம்பளம் கொடுத்து வைக்கும் சைட் இன்ஜினியர். இங்கே சொல்வது இந்த நான்காவது ஆளைப் பற்றி.

பிளான் அப்ரூவல் கிடைத்ததே போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, கள ஆய்வுக்குக் காத்திராமல் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிவிடலாம். நல்ல வசதிதான். ஆனால் அந்தக் காகிதம் கட்டுமானத் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

எங்களுக்குத் தெளிவாகப் பட்டது ஒன்று: சைட் இன்ஜினியருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் முழுதாக இருக்க வேண்டும், பணம் பட்டுவாடா செய்யும் அதிகாரம் துளிகூட இருக்கக் கூடாது. பெரும்பாலான சைட்டில் இது தலைகீழாக நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து மொத்தமாக ஒரு தொகையை அவர் கணக்குக்கு அனுப்பி, "நீங்களே பார்த்துக் கொடுத்துடுங்க சார்" என்று விட்டுவிடுகிறார்கள். கடைக்காரருக்கும் மேஸ்திரிக்கும் பணம் கொடுப்பவராகிவிட்டால் அவர்களிடம் இவருக்கு ஒரு கொடுக்கல் வாங்கல் உருவாகிவிடும். அதன் பிறகு "இந்த லோடு வேண்டாம், திருப்பி எடுத்துப் போங்க" என்று சொல்ல வாய் வராது. அவர் அளந்து கையெழுத்துப் போடட்டும், பணத்தை நீங்கள் நேராகக் கடைக்காரர் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். ஆணி, கட்டுக்கம்பி, டீச் செலவுக்கு மட்டும் வாரத்துக்கு ஒரு சிறு தொகை, அதற்கும் சீட்டு. இதேபோல் பவர் பத்திரத்தையும் அவர் பெயரில் எழுத வேண்டாம், குடும்பத்தில் ஒருவருக்கு, கட்டட அனுமதி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு என்ற அளவோடு எழுதுங்கள். தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பும் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு அப்புறம் அலைபவர்கள் நிறைய.

சம்பளத்தைக் கட்டட மதிப்பில் இத்தனை சதவீதம் என்று பேசாதீர்கள். செலவு ஏற ஏற அவர் வருமானமும் ஏறும் ஏற்பாடு அது. மாதச் சம்பளமோ, கட்டத்துக்கு இவ்வளவு என்ற நிலையான தொகையோ நல்லது. வாரத்துக்கு எத்தனை நாள், கான்கிரீட் நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்றும் எழுதிவிடுங்கள்.

ஆளைத் தேர்வு செய்யும்போது சான்றிதழைப் பார்த்துவிட்டு, உடனே அவர் இப்போது பார்க்கும் சைட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். அங்கே மூன்று விஷயம் போதும். அளவுப் புத்தகம் இருக்கிறதா, அதில் தேதி போட்டு எழுதியிருக்கிறதா? கம்பி பலகையில் ஒட்டாமல் இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் எங்கே என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுகிறாரா, ஜல்லிக் கல்லை வைத்துச் சமாளித்திருக்கிறாரா? மேஸ்திரி அவரைப் பார்த்ததும் வேலையை விளக்குகிறாரா, கண்டுகொள்ளாமல் இருக்கிறாரா? பிறகு ஒரு கணக்குக் கொடுங்கள்: 1,000 சதுர அடி, 5 அங்குலத் தளத்துக்கு எவ்வளவு கான்கிரீட்? கொஞ்ச நேரத்தில் 11.8 கன மீட்டர் என்றும், எம்20 என்ற வலு வகைக் கலவைக்குக் கன மீட்டருக்கு சுமார் 8 மூட்டை வைத்து சுமார் 94 மூட்டை சிமெண்ட் என்றும் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை சைட் என்றும் கேளுங்கள். ஓமலூரில் ஒன்று, ஆத்தூரில் ஒன்று, இடையில் இரண்டு என்றால் உங்கள் சைட்டில் அவர் போன் மட்டும்தான் இருக்கும். மனையில் வீட்டின் அளவைக் குறிக்கும் மார்க்கிங் வேலையையே ஒரு வாரச் சோதனையாக, சம்பளத்தோடு, நீங்கள் ஊரில் இருக்கும்போதே செய்யச் சொல்லுங்கள். 30 அடிக்கு 40 அடி வீடு என்றால் இரண்டு மூலைவிட்டமும் 50 அடி வர வேண்டும். இரண்டையும் அளக்காமல் சுண்ணாம்பு போடுகிறவர் வேண்டாம்.

இனி பொறுப்பு. "மேற்பார்வை" என்று ஒற்றை வார்த்தையில் எழுதினால் நாளைக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். அவர் கையெழுத்துப் போடாமல் வேலை நகரக் கூடாத இடங்களை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டும். அதே வரி மேஸ்திரியின் லேபர் ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் "அவர் யாருங்க நிறுத்தறதுக்கு?" என்ற பேச்சு வரும். மார்க்கிங் முடிந்ததும் ஒன்று. குழி தோண்டி அடிமண் தெரிந்ததும், அதன்மேல் பிசிசி என்ற கம்பியில்லாத கான்கிரீட் போடும் முன் ஒன்று. பில்லர் கம்பி நிறுத்தியதும், பிளிந்த் பீம் (தரைமட்ட உத்தரம்), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வருவது), ரூஃப் கம்பி கட்டி முடித்ததும் ஒவ்வொன்று. பூச்சுக்கு முன் சுவருக்குள் போகும் தண்ணீர் பைப்பில் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. பாத்ரூம் பள்ளத்தில் டைல்ஸுக்கு முன் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழே ஈரம் இறங்குகிறதா என்று பார்ப்பது.

குழி சேலத்துக்கே உரிய சிக்கல். பல மனைகளில் நாலைந்து அடியிலேயே பாறை தட்டுகிறது. அதே மனையின் மறு மூலையில் இளக்கமான மண் இருக்கும். ஒரு பில்லர் பாறையிலும் இன்னொன்று நிரப்பிய மண்ணிலும் உட்கார்ந்தால் வீடு சமமாக அமுங்காது, சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடும். ஆகவே ஒவ்வொரு குழியின் அடியையும் டேப் வைத்துப் போட்டோ எடுத்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு அனுப்பிப் பதில் வந்த பிறகே பிசிசி. பாறை உடைக்கும் ரேட்டையும் ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள். பாதிக் குழியில் கம்ப்ரசர் வந்து நின்ற பிறகு பேரம் பேச முடியாது. எக்ஸ்ட்ரா என்று வரும் சண்டைகளில் இதுதான் முதல், அடுத்து சம்பு, செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர்.

ரூஃப் போடுவதற்கு முந்தின நாள்தான் இந்த ஆளுக்குக் கொடுக்கும் சம்பளம் முழுதும் வசூலாகும் நாள். கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், தளத்துக்கு அடியில் 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40 மில்லிமீட்டர் வர வேண்டும். தளத்தில் மேல்பக்கம் கட்டும் எக்ஸ்ட்ரா கம்பி, சித்தாள்கள் சட்டியோடு நடக்க நடக்க மிதிபட்டுக் கீழே போய்விடும். அதைத் தாங்க நாற்காலிக் கம்பி போட்டிருக்க வேண்டும். சன்ஷேடில் இது இன்னும் மோசம். சுவரிலிருந்து இரண்டடி வெளியே நீளும் சன்ஷேடுக்குத் தாங்கு கம்பி மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். ஒரு சைட்டில் அது மிதிபட்டு அடிப்பலகையில் ஒட்டிக் கிடந்தது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகக் கட்டியதாகவே தெரிந்தது, குனிந்து விரலை விட்டபோதுதான் கம்பிக்கு அடியில் இடமே இல்லை. "மேஸ்திரி, இதைத் தூக்கிக் கட்டாம நாளைக்கு மெஷின் வரக்கூடாதுங்க" என்று அந்த இளம் இன்ஜினியர் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். சாயங்காலம் ஆறரை வரை கட்டினார்கள். அப்படியே போட்டிருந்தால் பலகை பிரித்த கொஞ்ச நாளில் சுவர் ஓரமாக மேலே வெடித்து, மழைத்தண்ணீர் இறங்கி, நுனி தொங்க ஆரம்பித்திருக்கும்.

கான்கிரீட் நாளில் அவர் நிற்க வேண்டிய இடம் மிக்ஸர் பக்கம். 50 கிலோ மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் தண்ணீர், மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் குறைவு. தள்ளுவதற்கு லேசாக இருக்குமென்று ஆட்கள் வாளி வாளியாக ஊற்றுவார்கள், சிமெண்ட் பால் மேலே மிதந்து வலு போய்விடும். அந்த 11.8 கன மீட்டருக்கு இரண்டு சாம்பிள், சாம்பிளுக்கு மூன்று வீதம் ஆறு க்யூப் (உடைத்துச் சோதிக்கும் கான்கிரீட் கட்டி) எடுக்கச் சொல்லுங்கள். எம்20 என்றால் 28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால் இன்னும் மூன்று க்யூப் போட்டு 7ஆம் நாளில் உடைக்கலாம், சுமார் 13 வந்தால் போக்கு சரி.

கான்கிரீட்டைத் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்கும் க்யூரிங்தான் யாரும் சொந்தம் கொண்டாடாத வேலை. லேபர் கான்ட்ராக்டில் மேஸ்திரி "தண்ணி ஓனர் பொறுப்புங்க" என்பார், ஓனர் துபாயில் இருப்பார். சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், சேலத்துப் பங்குனி சித்திரை வெயிலுக்கு 14 நாள் வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் பாத்தி கட்டிவிடுவார்கள், பில்லருக்குச் சாக்கு சுற்றுவதைத்தான் விட்டுவிடுவார்கள். தளத்தைத் தாங்கும் முட்டு பிரிப்பதிலும் அவசரம் வரும், சென்ட்ரிங் சாமான் நாள் வாடகை என்பதால். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14, ஆறு மீட்டர் வரை பீமுக்கு 14, அதையும் தாண்டினால் 21 நாள் என்பது சாதா சிமெண்டுக்கான கணக்கு. பிபிசிக்கு இன்னும் கூட வேண்டும். சன்ஷேடு, பால்கனியில் முட்டுகளை நுனியிலிருந்து சுவரை நோக்கிப் பிரிக்க வேண்டும்.

பொருள் இறங்கும்போது அளப்பதும் அவர் வேலைதான். எம் சாண்ட் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. டிப்பரின் உள்ளளவு 10 அடி நீளம், 6 அடி அகலம், மணல் நிற்கும் உயரம் 4 அடி என்றால் 240 கன அடி, அதாவது 2.4 யூனிட். பில்லில் 3 என்று இருந்தால் கொட்டுவதற்கு முன்பே பேச வேண்டும், கொட்டிய பிறகு குவியலை வைத்து யாரும் நியாயம் கேட்க முடியாது. கம்பிக்கு எடை மேடைச் சீட்டும் வேண்டும், எண்ணிக்கையும் வேண்டும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளத்துக்கு 10.66 கிலோ. நூறு கம்பிக்கு 1,066 கிலோ வர வேண்டும், 5 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம். அதற்குமேல் குறைந்தால் அந்த லோடே வேண்டாம்.

தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் நாற்பது போட்டோ வருவதால் எதுவும் தெரிந்துவிடாது. கேட்க வேண்டியது ஐந்தாறு வரி: கொத்தனார் எத்தனை, பெரியாள் எத்தனை, சித்தாள் எத்தனை, சிமெண்ட் காலை இருப்பு, வரவு, செலவு, மீதி, இன்று முடித்தது, நாளை செய்யப்போவது, உங்களிடமிருந்து வேண்டிய முடிவு. போட்டோ நான்கு போதும், எல்லாவற்றிலும் டேப் தெரிய வேண்டும். சிமெண்ட் மீதியையும் அன்று கட்டிய வேலையையும் ஒரு வாரம் ஒப்பிட்டாலே கணக்கு உண்மையா என்று வெளிநாட்டில் இருந்தே பிடிபட்டுவிடும்.

கால அட்டவணையில் ஆடியை மறக்காதீர்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் உள்ளூர் ஆட்கள் வரமாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயமில்லை. ஆடி முடிந்ததும் ஆவணியில் ஊரெங்கும் ஒரே நேரத்தில் வேலை தொடங்குவதால் நல்ல கொத்தனார் கிடைப்பது சிரமம். முன்கூட்டியே பேசி வைப்பதும் இன்ஜினியர் பொறுப்பில் எழுதுங்கள்.

ஏற்காட்டில் கட்டுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. முதலில் மனை இருக்கும் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும எல்லையில் வருகிறதா என்று பார்த்து, வந்தால் அந்த அனுமதியையும் வாங்கிய பிறகே மண்ணில் கை வைக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் லோடு சின்ன வண்டியில்தான் வரும், மூடுபனியில் தாமதமாகும், அதனால் கான்கிரீட் நாளுக்கு எல்லாப் பொருளும் முந்தின நாளே மேலே இருக்க வேண்டும். சரிவில் வெட்டிய மண்ணைத் தாங்கும் சுவரில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளும், அவற்றின் பின்னால் ஜல்லி நிரப்பலும் இருக்கிறதா என்பதை, இங்கே அவர் கையெழுத்தில்லாமல் வேலை நகரக் கூடாத இடங்களில் ஒன்றாகத் தனியாக எழுதுங்கள். ஐப்பசி மழையில் சுவரைத் தள்ளுவது பின்னால் தேங்கும் தண்ணீர்தான். தினம் மேலே ஏறி வரும் சேலத்து இன்ஜினியரைவிட, ஏற்காட்டிலேயே தங்கியிருப்பவர் கிடைத்தால் அவரையே வையுங்கள்.

வேலை முடிந்து விலகும்போது அவர் ஒப்படைக்க வேண்டியதையும் எழுதுங்கள்: அளவுப் புத்தகம், எல்லா பில்லும், க்யூப் ரிப்போர்ட், பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரிலும் பைப்பும் வயர்க் குழாயும் ஓடும் இடத்தை டேப் வைத்து எடுத்த போட்டோ. கடைசி மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை முதல் ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை நிறுத்தி வைப்பதாக ஆரம்பத்திலேயே பேசிவிட்டால், மழை விட்ட மறுநாள் மாடியையும் சன்ஷேடு ஓரங்களையும் சுற்றிப் பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் கடைசி வேலையாக இருக்கும்.