பாமாலைக்கு ஒரு சேனலா, நான்கா? தானே வாசிக்கும் பியானோவில் மிடி சரியாக ஒலிக்க மூன்று வழிகள்

மிடி ஃபைல் என்பது ஒலிப்பதிவு அல்ல; எந்த நோட்டை எப்போது, எவ்வளவு நேரம் வாசிப்பது என்ற கட்டளைகளின் தொகுப்பு. இணையத்தில் கிடைத்த பாமாலை (மேற்கத்திய மெட்டில் நான்கு குரலில் பாடும் ஆராதனைப் பாடல்) மிடி ஃபைல் ஒன்றைத் தானே வாசிக்கும் பியானோவில் போட்டால், பல சமயம் மேல் குரலான சோப்ரானோ மட்டும் கட்டைகளில் ஓடும். ஆல்டோ, டெனர், பேஸ் மூன்றும் காணாமல் போயிருக்கும், இல்லையென்றால் ஸ்பீக்கரில் ஆர்கனாகவோ கொயராகவோ கேட்கும். பியானோ பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் சேனலைப் பாருங்கள்.

ஒரு மிடி இணைப்பில் 16 சேனல்கள், அதாவது கட்டளைகளைத் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும் 16 எண்ணிட்ட தடங்கள், உண்டு. நான்கு குரல் பாடல்களை ஃபைலாக்குகிறவர்கள் சோப்ரானோவுக்கு 1, ஆல்டோவுக்கு 2, டெனருக்கு 3, பேஸுக்கு 4 என்று பிரித்து வைப்பது வழக்கம். பியானோவோ சேனல் 1-ஐ மட்டும், அல்லது 1, 2 இரண்டையும் மட்டும் கட்டைகளுக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். இரண்டும் தத்தம் கணக்கில் சரிதான். ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவே. வேலூர்க் கோட்டைக்குள் 1846-ல் எழுந்த செயின்ட் ஜான்ஸ் ஆலயம் முதல் காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு வரை, நம் பக்கத்துச் சபைகளில் பாமாலையும், கர்நாடக மெட்டில் அமைந்த கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் வரும். ஆனால் இந்த இரண்டு வகைக்கும் ஒரே செட்டிங் ஒத்துவராது. எந்த வழி சிறந்தது என்று கேட்பதற்கு முன் எதை வாசிக்கப் போகிறோம் என்று கேட்க வேண்டியிருப்பது அதனால்தான்.

ஃபைலையே திருத்துவது

பாமாலைக்கு நாங்கள் உறுதியாகச் சொல்லும் வழி இது. ரீப்பர், செகைஜு போன்ற மிடி திருத்தும் மென்பொருள் ஒன்றில் ஃபைலைத் திறந்து, நான்கு குரல்களின் நோட்டுகளையும் சேனல் 1-க்கு மாற்ற வேண்டும். மியூஸ்ஸ்கோரிலும் திறக்கலாம். ஆனால் அது மிடியை ஸ்வரக்குறிப்பாக மாற்றிப் படிப்பதால், யாரோ கையால் வாசித்துப் பதிந்த ஃபைலின் நேர நெளிவு நேராக்கப்பட்டுவிடும். குறிப்பைப் பார்த்துத் தட்டிய ஃபைலுக்கு அதனால் கெடுதல் இல்லை.

இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஃபைலை ஃபார்மட் 0-வாகச் சேமித்தால் எல்லாம் சேனல் 1-க்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை தவறு. ஃபார்மட் 0 என்பது பல ட்ராக்குகளை ஒரே ட்ராக்காக அடுக்குவது மட்டுமே. ஒவ்வொரு நோட்டும் தன் பழைய சேனல் எண்ணோடுதான் உள்ளே இருக்கும். சேனலைத் தனியாக மாற்றிய பிறகே ஃபார்மட் 0 ஆக்க வேண்டும். மென்பொருள் எண்ணும் முறையையும் கவனியுங்கள்: சில 1 முதல் 16 வரை எண்ணும், சில 0 முதல் 15 வரை. பின்னதில் தாள வாத்தியச் சேனலான 10 என்பது 9 என்று தெரியும்.

சேனலை மாற்றியதும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். மீதிப் பாதி, ஒரே கட்டையை இரண்டு குரல்கள் பகிரும் இடங்களில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: மிடியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு; நடு சி-யை 60 என்று கொண்டால் அதற்குக் கீழுள்ள எஃப் 53. டெனர் 53-ல் நான்கு தாள அடி நீட்டி நிற்கிறது. பேஸும் அதே 53-ல் தொடங்கி, இரண்டு அடி முடிந்ததும் 41-க்கு இறங்குகிறது. தனித்தனிச் சேனலில் இருந்தவரை சிக்கல் இல்லை. ஒரே சேனலுக்கு வந்தபின், மூன்றாவது அடியில் பேஸ் அனுப்பும் ‘நோட் ஆஃப்’ (கட்டையை விடு) கட்டளை டெனர் பிடித்திருந்த கட்டையையும் சேர்த்து மேலே விட்டுவிடும். கேட்பவருக்கு அது நடு இசைவில் விழுந்த ஓட்டையாகக் கேட்கும். இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால் நீளமானதை வைத்துக்கொண்டு குட்டையானதை அழித்துவிடுங்கள்.

ஒரு குரல் பிடித்திருக்கும்போதே இன்னொரு குரல் அதே கட்டையை மறுபடி அடித்தால் வேறு சிக்கல். கட்டை ஏற்கெனவே கீழே இருக்கிறது. அது எழும்பாமல் சுத்தியல் மறுபடி அடிக்காது. முதல் நோட்டை இரண்டாவது தொடங்குவதற்குச் சற்று முன் வெட்டுங்கள். மிடி நேரத்தை ‘டிக்’ என்ற சிறு அலகால் அளக்கிறது. ஓர் அடிக்கு 480 டிக், நிமிடத்துக்கு 80 அடி என்றால், 60 டிக் இடைவெளி சுமார் 94 மில்லி நொடி. வேகம் கூடும் பாடலில் அதே நேர இடைவெளி கிடைக்க டிக் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

பிறகு கொஞ்சம் சுத்தம் செய்யும் வேலை. நான்கு குரல்களோடும் வந்த வாத்திய மாற்றக் கட்டளைகளை அழித்து, தொடக்கத்தில் வாத்திய எண் 1, அதாவது பியானோ, என்று ஒன்றை மட்டும் வையுங்கள். பாமாலை ஃபைல்களில் சர்ச் ஆர்கனுக்கான 20, கொயருக்கான 53 இரண்டும் அடிக்கடி வரும். வாத்திய எண்ணைப் பார்த்தே எது பியானோ பாகம் என்று முடிவெடுக்கும் மாடல்களில், ஆர்கன் எண் இருந்தால் கட்டை அசையவே அசையாது. ஒலியளவுக்கான கன்ட்ரோல் 7 நான்கு மதிப்புகளில் இருந்தால் கடைசியாக வந்ததே நிற்கும். ஒன்றை மட்டும் விடுங்கள். பெடலுக்கான கன்ட்ரோல் 64-ம் அப்படியே. ஒரு குரலின் ‘பெடல் மேலே’ கட்டளை மற்றக் குரல்களின் பெடலையும் தூக்கிவிடும்.

மூல ஃபைலைத் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு, திருத்தியதை வேறு பெயரில் சேமியுங்கள். ஒரு முறை செய்துவிட்டால் அடுத்த ஞாயிறும், அடுத்த ஆண்டும், வேறொரு பியானோவிலும் அது அப்படியே ஓடும்.

பியானோவின் செட்டிங்கை மாற்றுவது

ஃபைலைத் தொடாமல், பியானோவின் மெனுவில் பியானோ பாகத்துக்கான சேனலை 1-லிருந்து 1+2 என்றோ, ‘எல்லாம்’ என்றோ மாற்றுவது. இரண்டு நிமிட வேலை. ஆராதனைக்குக் கால் மணி நேரம் முன் ஒருவர் பென் டிரைவோடு வந்து நிற்கும்போது இதைவிட்டால் வேறு வழியில்லை.

ஆனால் ‘எல்லாம்’ என்பதில் பெரிய ஆபத்து தாளம். எந்த எண் எந்த வாத்தியம் என்று பொதுவாக வகுத்து 1991-ல் வந்த ஜெனரல் மிடி ஏற்பாட்டின்படி சேனல் 10 தாள வாத்தியங்களுக்கு. அதில் 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹாட். சேனல் 10-ம் கட்டைகளுக்குப் போனால் பியானோவின் இடது பக்கத்தில் இந்த மூன்று கட்டைகளும் பாடல் முழுக்க ஆணி அடிப்பதுபோல் இடித்துக்கொண்டே இருக்கும். சோலனாய்டு (கட்டையை அசைக்கும் மின்காந்தம்) வைத்த அசல் பியானோவில் இது காதுக்கு மட்டுமல்ல, இயந்திரத்துக்கும் நல்லதல்ல. விடாமல் வேலை செய்யும் சோலனாய்டு சூடேறும். நம் ஊர் கத்திரி வெயிலில், ஃபேன் மட்டுமே ஓடும் ஆலயத்தில், அந்தச் சூடு தணிய இன்னும் நேரமாகும்.

இன்னொரு குறை கரண்ட் போகும்போது தெரியும். இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த நொடி இடைவெளியில் பியானோ அணைந்து மறுபடி எழுந்தால், செட்டிங்கை நினைவில் வைக்காத மாடல்கள் பழையபடி சேனல் 1-க்குத் திரும்பிவிடும். இரண்டாம் சரணத்தில் மேல் குரல் மட்டும் மிஞ்சும். உங்கள் மாடலில் செட்டிங்கை நிரந்தரமாகச் சேமிக்கும் வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். மேலே சொன்ன பொதுக் கட்டைச் சிக்கலும் இந்த வழியில் அப்படியே நிற்கும்; நான்கு சேனலும் ஒரே கட்டைக்குத்தானே வருகின்றன.

கணினியில் பிரித்து அனுப்புவது

ஃபைல் லேப்டாப்பில் ஓடும். பியானோ பாகம் யுஎஸ்பி வழியாகப் பியானோவுக்கும், மற்றச் சேனல்கள் மென்பொருள் சிந்தசைசர் வழியாக ஆலயத்து மிக்ஸருக்கும் போகும். பாமாலைக்கு இது தேவையற்ற சுமை. கீர்த்தனைக்கு இதுதான் சரி.

காரணம் கமகம். கீர்த்தனை ஃபைல்களில் மெட்டை வயலினுக்கோ குழலுக்கோ கொடுத்து, பிட்ச் பெண்டால் ஸ்வரத்தை வளைத்திருப்பார்கள். அந்த வளைவு ஒரு சேனல் முழுவதற்கும் பொருந்தும் கட்டளை. அந்த மெட்டைப் பியானோ சேனலோடு சேர்த்தால், டிஜிட்டல் பியானோவில் இடது கை இசைவுகளும் கூடவே வளைந்து கோணலாகும். கம்பி வைத்த பியானோவில் வளைவே இல்லாமல் மெட்டு மொட்டையாக நிற்கும். வளையும் குரல் தன் சேனலிலேயே இருக்கட்டும். பியானோவுக்கு இசைவுகளை மட்டும் அனுப்புங்கள், தாளம் 10-லேயே ஸ்பீக்கருக்குப் போகட்டும்.

இந்த வழியில் நேரம் பிசகும். மெல்ல அடிக்கும் சுத்தியல் கம்பியைத் தொட அதிக நேரம் எடுக்கும், வேகமாக அடிப்பது சீக்கிரம் தொடும். இதை ஈடுகட்ட, தானே வாசிக்கும் பியானோவான யமஹா டிஸ்க்லாவியர் வெளியிலிருந்து வரும் மிடியை 500 மில்லி நொடி தாமதித்து வாசிக்கும் ஏற்பாடு கொண்டது. அப்படி விட்டால் ஸ்பீக்கரில் தாளம் முன்னால் ஓட, பியானோ அரை நொடி பின்னால் வரும். மென்பொருளில் மற்றச் சேனல்களை 500 மில்லி நொடி தள்ளிவையுங்கள். தாமதத்தை அணைத்தும் வாசிக்கலாம். ஆனால் அப்போது மென்மையான நோட்டுகள் தாளத்தைவிடச் சற்றுப் பிந்தும்.

பியானோவிலிருந்து கணினிக்கு வருவதை மென்பொருள் மறுபடி பியானோவுக்கே திருப்பி அனுப்பாதபடி ‘த்ரூ’ வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையேல் ஒவ்வொரு நோட்டும் இரண்டு முறை அடிக்கும். ஓடும்போது யுஎஸ்பி கேபிள் கழன்றால் கட்டை கீழேயே நின்றுவிடும். கேபிளை மறுபடி செருகி, எல்லா நோட்டையும் விடுவிக்கும் கன்ட்ரோல் 123-ஐ அனுப்பினால் எழும்பும்.

கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு

மேலே ஃபைலை ஒரே சேனலாக்கச் சொன்னது ஆராதனைக்கு. கிரேடு தேர்வுக்குப் பயிலும் பிள்ளைகளுக்கு அது கூடாது. ஒரு கையை பியானோ வாசிக்க மறு கையைப் பிள்ளை வாசிக்கும் பயிற்சிக்கு, வலது கையும் இடது கையும் தனித்தனிச் சேனலில் இருந்தே ஆக வேண்டும். யமஹா டிஜிட்டல் பியானோக்களில் வலது கைக்கு 1, இடது கைக்கு 2 என்பது வழக்கமான ஏற்பாடு. ரோலண்டின் பல மாடல்களில் வலது கைக்கு 4, இடது கைக்கு 3. ஒன்றுக்குத் தயாரித்த பாடத்தை மற்றதில் போட்டால் ‘இடது கையை நிறுத்து’ என்ற பொத்தான் எதையும் நிறுத்தாது. சோப்ரானோவையும் ஆல்டோவையும் வலது கைச் சேனலுக்கும், டெனரையும் பேஸையும் இடது கைச் சேனலுக்கும் மாற்றி, அந்தந்தக் கைக்குள் வரும் பொதுக் கட்டைகளை முன் சொன்னபடி சரிசெய்யுங்கள். இரு கைகளும் சந்திக்கும் கட்டையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பென் டிரைவை ஃபேட் 32-ல் ஃபார்மட் செய்து, ஃபைல் பெயரை எட்டு எழுத்துக்குள் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். பாமாலை எண்ணையே பெயராக வைத்தால் பியானோவின் சின்னத் திரையில் தேடுவது சுலபம்.