ட்ரெபிளை அடக்க வாங்கிய ட்யூப் ஆம்ப்: இரண்டு வருடம் கழித்து

என்னிடம் இருப்பது 300 ஓம் ஓப்பன் பேக் (பின்புறம் மூடாத) ஹெட்ஃபோன். பெயர் வேண்டாம், அதற்கு பக்தர்கள் அதிகம். வீணையில் விரல் தந்தியை உரசுவது வரை கேட்கும். ஆனால் பாடகர் கல்பனாஸ்வரத்துக்குப் போய்விட்டால் ஒவ்வொரு ‘ஸ’வும் காதில் ஊசி. எண்பதுகளின் இளையராஜா பாட்டு என்றால் ஹை-ஹாட் தட்டத் தட்ட பல் கூசும். இந்த உச்ச ஒலிகளைத்தான் ட்ரெபிள் என்பார்கள்.

"ட்யூப் ஆம்ப் போடுங்க, வழுவழுன்னு ஆயிடும்" என்று சொல்லாத ஆள் இல்லை. ட்ரான்சிஸ்டருக்குப் பதில் பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையர் அது. சரி என்று 6080 பவர் ட்யூப் போட்ட ஒரு ஓடிஎல் ஆம்ப் வாங்கினேன். ஓடிஎல் என்றால் வெளியீட்டில் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது. அந்த ஒரு ட்யூபின் ஹீட்டர் மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும்; கிட்டத்தட்ட 16 வாட். பெங்களூரு அல்சூரில் எங்கள் சின்ன அறையில் டிசம்பர் மாதம் அது சுகமாகத்தான் இருந்தது. ஏப்ரலில் வீட்டம்மா, "பாட்டு கேக்கவா வாங்கினீங்க, இட்லி வேக வைக்கவா?" என்றாள்.

முதல் மாதம் நான் சொர்க்கத்தில் இருந்தேன். ஊசி போய்விட்டது, குரலில் சதை ஏறிவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அப்புறம்தான் ஒரு சந்தேகம். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய மல்டிமீட்டர் சும்மா கிடந்தது. 1 கிலோஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, வழக்கமாக வைக்கும் வால்யூமில் இரண்டு ஆம்ப்களின் வெளியீட்டையும் அளந்தேன். பழைய சாலிட் ஸ்டேட் (ட்ரான்சிஸ்டர்) ஆம்பில் 0.5 வோல்ட், ட்யூபில் 0.35. அதாவது 3 டெசிபல் குறைவாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! சத்தம் குறைந்தால் ட்ரெபிள் குத்துவதும் குறையத்தான் செய்யும். அதற்கு ஆம்ப் எதற்கு, வால்யூம் குமிழ் போதுமே.

இரண்டையும் 0.5 வோல்ட்டுக்குச் சமப்படுத்திக் கேட்டபோது ஊசி பாதிக்கு மேல் திரும்பி வந்தது. வித்தியாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது இருந்த இடம் பேஸில். என் ஆம்பின் வெளியீட்டு இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) 100 ஓம். ஹெட்ஃபோன் 300 ஓம் என்று போட்டிருந்தாலும், 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 600 வரை ஏறுகிறது. ஹெட்ஃபோனின் எதிர்ப்பு கூடக் கூட ஆம்ப் தரும் வோல்ட்டேஜில் அதற்குக் கிடைக்கும் பங்கும் கூடும். கணக்குப் போட்டால் அந்த இடத்தில் ஏறத்தாழ 1.2 டெசிபல் கூடுதலாக வரும். மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் கனமாகக் கேட்க, மேலே இருக்கும் கூர்மை அந்த அளவுக்குப் பின்னால் போகிறது. அவ்வளவுதான் மந்திரம். எல்லா அதிர்வெண்ணிலும் இம்பிடன்ஸ் ஒரே மாதிரி இருக்கும் ப்ளானர் (தட்டையான மெல்லிய சவ்வு வைத்த) ஹெட்ஃபோனில் இதுவும் நடக்காது. 32 ஓம் ஹெட்ஃபோனை இந்த ஆம்பில் மாட்டவே மாட்டாதீர்கள். என் மச்சான் மாட்டினான், பேஸ் ஊறவைத்த சாக்கு மாதிரி தொளதொளவென்று கேட்டது.

பவர் ட்யூபுக்கு முன்னால் இருக்கும் சின்ன டிரைவர் ட்யூபை மூன்று முறை மாற்றிப் பார்த்தேன். பர்ஸ் இளைத்ததைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஊசியை உண்மையில் எடுத்தது இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசர் ஏபிஓ; வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் ஏற்றவோ இறக்கவோ செய்யும் கணினி மென்பொருள், சுருக்கமாக ஈக்யூ. சைன் டோனை மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டே போனால் 6 கிலோஹெர்ட்ஸ் அருகே ஓர் இடத்தில் சத்தம் திடீரென்று பாயும். அங்கே க்யூ (எவ்வளவு குறுகலாக இறக்குவது என்ற அளவு) 2 வைத்து 4 டெசிபல் இறக்கினேன். 6 இறக்கிப் பார்த்தபோது வயலின் வில்லின் உரசலும் சேர்ந்து செத்துப்போனது, அதனால் 4லேயே நிறுத்திவிட்டேன்.

ட்ரெபிளுக்காக மட்டும் ட்யூப் ஆம்ப் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். முதலில் ஒரு மாதம் ஈக்யூவோடு இருந்து பாருங்கள். அப்படியானால் என் ஆம்பை விற்றுவிட்டேனா? இல்லை. ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, அந்த ஆரஞ்சு வெளிச்சம் மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஹெட்ஃபோனை மாட்டுகிறேன். ஈக்யூவும் ஆனில்தான் இருக்கிறது.