அலுமினிய சிலிண்டர் பிளக்காமல் இருக்க: சுவரைத் தடிப்பாக்கவா, கலவையை மாற்றவா, நார் சுற்றவா?

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது "சுவரைத் தடிப்பாக்கு" என்பதுதான். எனக்கு அது கடைசி வழி. தடிமனை இரட்டித்தால் தகைவு (உலோகத்தின் ஒவ்வொரு சதுர அளவும் தாங்கும் விசை) பாதியாகும், சரி. ஆனால் சிலிண்டரைப் பிளப்பது விரிசல்; அது சுவரைத் துளைத்து வாயு கசிந்தால் தப்பித்தோம், அதற்கு முன்பே பாய்ந்து ஓடினால் பிளந்துவிடும். தடித்த சுவரிலோ வாயு வெளியே கசிய விரிசல் கடக்கவேண்டிய தூரமும் இரட்டிக்கிறது, அதனால் அது சுவரைத் துளைக்கும் கட்டத்தில் அதன் நுனியில் விழும் சுமை சுமார் 30 சதவீதம்தான் குறையும். எடையோ இரண்டு மடங்கு. போதாததற்கு, தடித்த சுவரில் உலோகம் நெளிந்து கொடுக்க இடமில்லாமல் மொறுமொறுவென்று உடையப் பார்க்கும்.

கலவையை மாற்றுவது வேறு கதை. முக்குளிப்போர் சிலிண்டர்களில் முன்பு 6351-டி6 என்ற அலுமினியக் கலவை நிறைய ஓடியது (எண் கலவையைக் குறிக்கும், 'டி' அதைச் சூட்டில் பதப்படுத்திய விதத்தை). அதில் வால்வு திருகும் கழுத்து மரைப் பகுதியில், அழுத்தம் ஏறி இறங்காமல் அப்படியே நின்றாலே, வருடக்கணக்கில் மெல்ல விரிசல் வளர்ந்தது. உலோகத்தின் நுண்மணிகள் ஒன்றையொன்று தொடும் மணியெல்லைகள் வழியாகத்தான் விரிசல் ஓடும், ஈயம் கொஞ்சம் கலந்திருந்தால் இன்னும் மோசம். 6061-டி6-க்கு மாறியதும் இந்தத் தொல்லை பெரிதும் ஒழிந்தது. இத்தனைக்கும் இரண்டின் வலிமையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! வலிமை எண்ணை மட்டும் பார்த்து உலோகம் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னும் லேசான சிலிண்டர் வேண்டுமென்றால் 7000 வரிசை என்ற வலிமை கூடிய கலவைகள் இருக்கின்றன, ஆனால் உச்ச வலிமையில் நிறுத்தினால் ஈரப்பதத்தில் தகைவு அரிப்பு, அதாவது இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் விரிசல், வந்துவிடும். அதனால் சூட்டில் வேண்டுமென்றே கூடுதல் நேரம் முதிரவிடுவார்கள். இந்த வரிசையின் 7075-ஐ உச்ச வலிமையான டி6-லிருந்து கூடுதலாக முதிர்ந்த டி73-க்குக் கொண்டுபோனால் நெகிழ்வு வலிமை (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) சுமார் 500 மெகாபாஸ்கலிலிருந்து 430 அளவுக்கு இறங்கும். அந்த இழப்பை நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பேன்.

கார்பன் நார் சுற்றுவதுதான் இன்றைய மோகம். சுற்றிய பிறகு ஒருமுறை அதிக அழுத்தம் ஏற்றி உள் அலுமினியத்தை நிரந்தரமாக நீட்டிவிடுகிறார்கள், அழுத்தம் இறங்கியதும் வெளி நார் அதை அமுக்கிப் பிடிக்கும், அமுக்கத்தில் இருக்கும் உலோகத்தில் விரிசல் எளிதில் வாய் திறக்காது. அருமையான வேலைதான், ஆனால் விலை அதிகம், கார்பன் அலுமினியத்தைத் தொட்டால் அரிக்கும் என்பதால் நடுவே கண்ணாடி நார் வேண்டும். அப்புறம், உடம்பை மட்டும் வளையமாகச் சுற்றினால் கழுத்துக்கு ஒரு பயனும் இல்லை.

ஆகவே புதிதாக வாங்கினால் 6061, எடை உறுத்தினால் மட்டும் நார் சுற்றியது. ஏற்கெனவே 6351 கையில் இருந்தால், மறுசோதனைக்கு வால்வைக் கழற்றும்போது நீர் அழுத்தச் சோதனையோடு விட்டுவிடாமல், கழுத்து மரையைச் சுழல் மின்னோட்டக் கருவியாலும் (உலோகத்தில் மின்னோட்டம் தூண்டி விரிசலைக் கண்டுபிடிப்பது) பார்க்கச் சொல்லுங்கள்.