அழுக்குப் பூசக் கொடுத்து 38,500 ரூபாய் போனது: மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பார்சல் நேற்று மாலை வந்தது. பிரித்த நேரத்திலிருந்து வயிறு எரிகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறிப்போனால் "சரி, தொலையட்டும்" என்று விட்டுவிடுகிற ஆள் நான். இந்த முறை விடுவதாக இல்லை. 38,500 ரூபாய். இப்படிப்பட்ட ஆட்களை எப்படி அடையாளம் காண்பது என்று கீழே விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். சமூக வலைத்தளத்தில் அழகழகான படங்களைப் போட்டு, "உங்கள் மாதிரி இன்ஜினுக்கு வெதரிங் செய்து தருகிறோம்" என்று ஆர்டர் பிடிக்கும் ஒற்றை ஆள் கடை என்பது மட்டும் போதும்.

வெதரிங் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. புது மாதிரி இன்ஜின் பொம்மை போலப் பளபளக்கும். புகை, கரித்தூள், எண்ணெய், தண்ணீர் வழிந்த கறை எல்லாவற்றையும் அதன் மேல் வண்ணமாகவும் பொடியாகவும் ஏற்றி, முப்பது வருடம் உழைத்த இன்ஜினாக மாற்றுவதுதான் இந்த வேலை. சுருக்கமாகச் சொன்னால், காசு கொடுத்து அழுக்காக்குவது. மோசடிக்கு இதைவிட வசதியான தொழில் கிடையாது என்பது எனக்கு நேற்றுதான் உறைத்தது.

நான் மாதிரியாகச் செய்துகொண்டிருப்பது விழுப்புரம் லோகோ ஷெட், அதாவது இன்ஜின் கொட்டகை, எழுபதுகளின் தொடக்கத்தில் இருந்தபடி. அப்பா அங்கே ஃபயர்மேன், இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுபவர். சென்னையிலிருந்து மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) வண்டியை மின்சார இன்ஜின் இழுத்து வரும். மின்கம்பி விழுப்புரத்தோடு முடிந்துவிடும். அங்கே அதைக் கழற்றிவிட்டு நீராவி இன்ஜினை மாட்டுவார்கள். அதனால் ஷெட்டில் எந்நேரமும் ஏதாவது ஒன்று கரி ஏற்றிக்கொண்டோ, யானைத் தும்பிக்கை போலத் தொங்கும் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டோ நிற்கும். அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும்போது நான் சாம்பல் குழியருகேதான் நிற்பேன். மேலே இன்ஜின் நிற்க, நெருப்புப் பெட்டியிலிருந்து கங்குகளையும் சாம்பலையும் குழிக்குள் தள்ளித் தண்ணீர் தெளிப்பார்கள். அந்தச் 'சுர்' சத்தத்தோடு ஒரு வாசனை எழும். அதை எந்த மாதிரியிலும் கொண்டுவர முடியாது. நிறத்தையாவது கொண்டுவரலாம் என்று ஆசைப்பட்டேன்.

1க்கு 87 அளவு, நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. மீட்டர் கேஜ் அந்த அளவில் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும், 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போடுகிறோம். இன்ஜின் ஒய்.பி. வகை, மீட்டர் கேஜ் நீராவி இன்ஜின். 1949 முதல் 1970 வரை 871 இன்ஜின்கள் செய்தார்கள், பாதிக்கு மேல் ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ தொழிற்சாலையில். தெற்கே விரைவு வண்டிகளை இழுத்துத் தேய்ந்தவை இவைதான். கடையில் எடுத்த இயங்குபகுதியின் மேல் பித்தளைத் தகட்டை நானே அறுத்து, பற்றவைத்து, மூன்று வருடம் செய்தேன். டெண்டரின் (இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் பெட்டி) பின்னால் ஏணி இருக்கிறது. அதன் மூன்றாவது படி கொஞ்சம் கோணல். பற்றவைக்கும்போது மின்சாரம் போய்விட்டது. இந்தக் கோணல் படியை நினைவில் வையுங்கள்.

வெதரிங்கை ஏன் நானே செய்யவில்லை என்று கேட்பீர்கள். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது, கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலை கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதுவரை காத்திருந்திருக்கலாம். அவசரம்.

ஆகஸ்ட் மாதம் அவனுக்குத் தொலைபேசினேன். மரியாதையான குரல், வார்த்தைக்கு வார்த்தை "ஐயா". விலை 38,500 என்றான், இன்ஜினும் சாம்பல் குழித் துண்டும் சேர்த்து. எனக்குத் தயக்கம். அப்போது அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"ஐயா, உங்கள் ஷெட்டில் பாய்லருக்கு ஊற்றிய தண்ணீர் உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா?"

நான் அப்படியே கரைந்துவிட்டேன். விஷயம் தெரிந்தவனுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். உப்புத் தண்ணீராக இருந்தால் பாய்லர் கழுவும் அடைப்பான்களின் ஓரத்திலும், நீராவி கசியும் இடங்களிலும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கோடு இறங்கியிருக்கும். கறுப்பு இன்ஜினில் முதலில் கண்ணில் படுவது அதுதான். இதைக் கேட்கத் தெரிந்த பிள்ளை தப்பாகச் செய்ய மாட்டான் என்று அரை மணி நேரம் அப்பாவின் கதையெல்லாம் சொன்னேன். "ம், ம்" என்று கேட்டுக்கொண்டான். தொலைபேசியை வைத்த பத்தாவது நிமிடம் 20,000 ரூபாய் அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. கேட்டால் அவன் மனம் புண்படுமே என்று நினைத்தேன்!

ஐந்து வாரத்தில் முடியும் என்றான். ஐந்தாவது வாரம் ஒரு படம் வந்தது: பாய்லரில் சுண்ணாம்புக் கோடு, கூரையில் புகைக்கரி, டெண்டரின் தண்ணீர் மூடியிலிருந்து வழிந்த தடம், எல்லாம் அப்படியே. கண்ணில் நீர் வந்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஏணியின் மூன்றாவது படி நேராக இருந்தது.

பார்த்தேன். பார்த்துவிட்டு, "ஒருவேளை தம்பி நிமிர்த்திக் கொடுத்திருப்பான்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மீதி 18,500 அனுப்பினால்தான் பார்சல் கிளம்பும் என்றான். அனுப்பினேன். ஆக 38,500.

அதற்குப் பிறகு 'ஐயா' போய் 'சார்' வந்தது. வார்னிஷ் காயவில்லை சார். பாட்டி தவறிவிட்டார் சார். கூரியர்காரர்கள் வேலைநிறுத்தம் சார். மழை சார். மழை என்றதை மட்டும் நம்புகிறேன், அதன் அடையாளம் என் இன்ஜின் மேலேயே இருக்கிறது. நவம்பரில் பாட்டி இரண்டாம் முறை தவறினார்.

நேற்று பெட்டியைத் திறந்தேன்.

முதலில் தெரிந்தது ஒரு வெண்மூட்டம். ஈரக்காற்றில் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) அடித்தால் காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு வெளுத்துவிடும். அடைமழை நாளில் அடித்திருக்கிறான். என் ஒய்.பி. மாவு மூட்டையில் விழுந்து எழுந்த எருமைபோல இருந்தது. சுண்ணாம்புக் கோடு எங்கே என்று தேடவே வேண்டாம், மொத்தமுமே சுண்ணாம்புதான்.

அடுத்து ராடுகள். சக்கரங்களை இணைக்கும் அந்த இரும்புக் கைகளுக்குத் துரு நிறம் பூசியிருந்தான், செங்கல் சிவப்பில். ஓடுகிற இன்ஜினின் ராடில் யாராவது துருவைப் பார்த்திருக்கிறார்களா? ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் எண்ணெய்க் குப்பியோடு குனிந்து நிமிர்ந்து எண்ணெய் விடுவார்கள். தூசி ஒட்டும், எண்ணெய் கறுக்கும், ஆனால் உள்ளே எஃகு மின்னும். துரு பிடித்த ராடு என்றால் அந்த இன்ஜின் செத்துப்போய்ப் பழைய இரும்புக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். உயிரோடு ஷெட்டுக்கு வந்த இன்ஜினைக் கேட்டேன், பிணத்தைச் செய்து அனுப்பியிருக்கிறான். பிரேக் கட்டையில் பழுப்புப் பொடி படிந்திருக்க வேண்டும், அதைத் தொடவே இல்லை.

தண்டவாளத்தில் வைத்தேன், நகரவில்லை. சக்கரத்தின் ஓடுதளம் முழுக்க வண்ணம். மின்சாரம் எடுக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகளிலும் வண்ணம். கையால் தள்ளினால் கரகரவென்று சத்தம், பொடி பல்சக்கரத்துக்குள் போயிருக்கிறது. வண்ணம் அடிக்குமுன் அந்த இடங்களைக் காகித நாடாவால் மூட வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

சாம்பல் குழி இன்னும் மோசம். தண்ணீர் பட்ட சாம்பல் நடுவில் கறுத்து ஓரத்தில் வெளிறி இருக்கும், குழிச்சுவரின் செங்கல் சூட்டில் வெடித்திருக்கும், இன்ஜின் வழக்கமாக நிற்கும் இடத்தில் எண்ணெய் சொட்டித் தரை தார்போல ஆகியிருக்கும், மணல் நிரப்பும் இடத்தில் மட்டும் வெளிர் மஞ்சள் சிந்தியிருக்கும். இத்தனை நிறத்தையும் நான் காகிதத்தில் வரைந்து அனுப்பினேன். குழிக்கும் தரைக்கும் தண்டவாளத்துக்கும் ஒரே பழுப்பு, அதே செங்கல் சிவப்பு. ஒரு புட்டி வண்ணத்தில் வேலையை முடித்திருக்கிறான்.

டெண்டரில் நான் ஒட்டியிருந்தது நிஜக் கரி. அப்பா எப்போதோ கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்த ஒரு கட்டியை உடைத்துச் சலித்து ஒட்டினேன். தின்னரில் பசை விட்டுப்போயிருக்க வேண்டும். அதை எறிந்துவிட்டு மீன்தொட்டிக் கூழாங்கல்லுக்குக் கறுப்பு அடித்துக் கொட்டியிருக்கிறான். இதைப் பற்றி மேலே எழுதினால் வார்த்தை தடிக்கும்.

ஏணியின் மூன்றாவது படி கோணலாகவே இருக்கிறது.

உடனே அழைத்தேன். எட்டாவது முறை எடுத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "சார், அழுக்குத்தானே கேட்டீர்கள்? அழுக்காகத்தானே இருக்கிறது?"

சில நொடி எனக்குப் பேச்சே வரவில்லை. ராடில் ஏன் துரு என்றேன். "அது அவரவர் ரசனை." ஏன் ஓடவில்லை என்றேன். "வெதரிங் செய்தால் காட்சிக்கு வைப்பார்கள் சார், ஓட்ட மாட்டார்கள்." அப்படியானால் நீ அனுப்பிய படம் யாருடைய இன்ஜின் என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. பிறகு ஒரு குறுஞ்செய்தி: பெட்டி திறக்கும் காணொளி இல்லாமல் புகார் ஏற்கப்படாது, கைவேலைக்குப் பணம் திருப்பித் தரப்படாது. 'சார்' கூட இல்லை. இப்போது என் எண்ணையே தடுத்துவிட்டான்.

பணம் அனுப்பிய செயலியின் உதவி மையத்தில், நீங்களாக விரும்பி அனுப்பிய பணம் என்றார்கள். வலைத்தளமோ இது எங்கள் வழியாக நடந்த விற்பனை அல்ல என்று பொதுப் பதில் அனுப்பியது. இன்று காலை நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவுசெய்தேன். எண் கொடுத்திருக்கிறார்கள், பார்ப்போம்.

புலம்பலாகக் கோவையிலிருக்கும் ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். சென்ற வருடம் அவரும் இவனிடமே 14,000 ரூபாய் கொடுத்து ஏமாந்து, வெட்கத்தில் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார். அவரிடமும் கேட்டிருக்கிறான்: "ஐயா, உங்கள் ஷெட்டில் தண்ணீர் உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா?"

அவர் கொடுத்தது டீசல் இன்ஜின்.

விரிவாக அறிவுரை எழுதுவதாகச் சொன்னேன். இருக்கிற எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு பழைய சரக்குப் பெட்டியைக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஓடுகிற காணொளி கேளுங்கள். மழைக்காலத்தில் வார்னிஷ் வேண்டாம். உங்கள் இன்ஜினில் ஒரு கோணல் இருந்தால், படத்திலும் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள், என்னைப்போலச் சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

38,500 ரூபாய்க்கு வேறு யாராவது இவனிடம் ஏமாந்திருந்தால் பணம் அனுப்பிய சான்றையும் படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம். ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் ஜோடிச் சக்கரத்தில் வண்ணம் கொஞ்சம் விடுகிறது.