ஜாலான் காயு வீட்டு ஸ்கைலைட்: பூசுவதா, மாற்றுவதா

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரவு 11 மணி இருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்ததும் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "பாத்து ஏறும்மா, வாளி இருக்கு." ஒரு வாளி இல்லை, மூன்று. முதல் திருப்பத்தில் ஒன்று, அதற்கு இரண்டு படி மேலே ஒன்று, சாமி அறை வாசலில் ஒரு பழைய பெயின்ட் டப்பா. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "ஸ்கைலைட் கொஞ்சம் ஒழுகுது" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். ஸ்கைலைட் என்றால் வெளிச்சம் வரக் கூரையில் வைத்த சாளரம். அப்பாவுக்கு 76 வயது, அம்மாவுக்கு 71. நள்ளிரவில் மழை வந்தால் இருவரில் ஒருவர் எழுந்து அந்த ஈரப் படியில் இறங்கி வாளியை மாற்றுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு இந்த மூன்று வார விடுமுறையில் வேறு எதை முடிக்கிறேனோ இல்லையோ, இதை முடித்துவிட்டுத்தான் மெல்பர்னுக்கு விமானம் ஏறுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீடு ஜாலான் காயு பக்கத்தில் இருக்கும் பழைய இரண்டு மாடி டெரஸ் வீடு. இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர், ஜன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டும். வீடு நீளம் என்பதால் நடுவில் பகலிலேயே இருட்டு. அதனால்தான் மாடிப்படிக்கு நேர் மேலே ஓடுகளை எடுத்துவிட்டு, 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஸ்கைலைட் போட்டிருக்கிறார்கள், அலுமினியச் சட்டத்தின் மேல் பாலிகார்பனேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு. தம்பி செங்காங்கில் வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். "எதுக்குக்கா வம்பு, ஓடு போட்டு மூடிடலாம்" என்றான். செலவைப் பார்த்தால் அது தவறான யோசனை இல்லை. ஆனால் அம்மா பூத்தொடுப்பது, அப்பா பேப்பர் படிப்பது எல்லாம் அந்த வெளிச்சம் விழும் இடத்தில்தான். மூடினால் காலை எட்டு மணிக்கே விளக்குப் போட வேண்டும், வயதானவர்கள் ஏறி இறங்கும் படியில் வெளிச்சத்தைக் குறைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பேச்சை அன்றே விட்டுவிட்டோம்.

சரி, பூசுவதா மாற்றுவதா. இதுவரை நடந்ததைக் கேட்டேன். கடந்த நான்கு வருடத்தில் மூன்று முறை ஆள் வந்திருக்கிறார்கள், மூன்று முறையும் இடைவெளியை அடைக்கும் சிலிக்கான் பசையைப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் 300 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல். பூசிய இரண்டு நாளைக்கு வீடு முழுக்க வினிகர் வாடை அடித்ததாக அம்மா சொன்னார். இது முக்கியமான தகவல் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. வினிகர் வாடை வருவது அசிட்டிக் வகை சிலிக்கான். குளியலறைக் கண்ணாடிக்கு அது சரி, பாலிகார்பனேட் தகட்டுக்கு ஆகாது, காலப்போக்கில் தகட்டில் விரிசல் விடக்கூடும். அதற்கு நியூட்ரல் வகையைத்தான் போட வேண்டும். இன்னொன்று, காய்ந்த பழைய சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான் ஒழுங்காக ஒட்டாது. பழையதைச் சுரண்டி எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும். எங்கள் கூரையில் மூன்று அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று. நான்காவது அடுக்குக்குப் பணம் கொடுத்திருந்தால் அது அடுத்த மழைக்காலத்தைத் தாண்டியிருக்காது.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சராசரியாக 170 நாள் பெய்கிறது. நான் வந்தது டிசம்பர், வடகிழக்குப் பருவமழை நேரம். ஒரு தடவை பிடித்தால் இரண்டு நாள் விடாது. ஆனால் மழை எனக்கு உதவிதான் செய்தது, ஒழுகலை நேரிலேயே பார்க்க முடிந்தது. அதைவிடப் பெரிய உதவி அப்பாவின் நோட்டுப் புத்தகம். அப்பா வேலைக்குப் போன காலத்திலிருந்து எதையும் எழுதி வைப்பவர். மே மாதத்திலிருந்து ஒவ்வொரு மழைக்கும் தேதி, நேரம், காற்று இருந்ததா, எந்த வாளியில் எவ்வளவு தண்ணீர் என்று குறித்திருந்தார். விடியற்காலையில் அடிக்கும் சுமத்ரா காற்று மழைக்கெல்லாம் மேல் வாளி நிறைந்திருந்தது. காற்றில்லாமல் நேராகப் பெய்த மழைக்கு நடு வாளியில் மட்டும் கொஞ்சம். மழை தொடங்கி இருபது நிமிடம் கழித்துத்தான் சொட்டத் தொடங்குகிறது, நின்ற பிறகும் அரை மணி நேரம் சொட்டுகிறது என்றும் எழுதியிருந்தார். அதாவது தண்ணீர் எங்கேயோ தேங்கி நின்று பிறகு இறங்குகிறது, அதுவும் ஒரே இடத்திலிருந்து அல்ல. இந்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். வந்த ஆட்களிடம் நான் சொன்ன எதையும்விட அதுதான் அதிகம் பேசியது.

ஐந்து நிறுவனங்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். பதில் வரும் வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும், மெல்பர்னில் ஒரு கூரை வேலைக்காரர் திரும்ப அழைக்கவே ஒரு வாரம் ஆகும், இங்கே இரண்டு மணி நேரத்தில் நான்கு பேர் பதில் போட்டார்கள். ஆனால் அதில் இருவர் கூரையைப் பார்க்காமலேயே விலை சொன்னார்கள். ஒருவர் பூசித் தர 450 வெள்ளி, இன்னொருவர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கண்ணாடி போட 6,800 வெள்ளி, "இன்றைக்கே முன்பணம் பாதி பேநவ்வில் (கைப்பேசிப் பணமாற்றம்) போட்டால் விலை இது" என்றும் சேர்த்துச் சொன்னார். மேலே ஏறிப் பார்க்காதவருக்கு எது கெட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்? இருவரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவதாக வந்த இருவர் செருப்புக் காலோடு, இடுப்பில் வார் எதுவும் கட்டாமல் ஏணியைச் சாத்தினார்கள். அவர்களை நானே இறங்கச் சொன்னேன். பழைய ஸ்கைலைட் தகட்டில் கால் வைத்தால் நேராக இரண்டு மாடி கீழே விழ வேண்டியதுதான். 3 மீட்டருக்கு மேலிருந்து விழக்கூடிய வேலைக்கு, பாதுகாப்பைச் சரிபார்த்த பிறகே தொடங்க அனுமதி தரும் முறை வேண்டும் என்று மனிதவள அமைச்சின் விதி இருக்கிறது. விலை குறைவு என்பதற்காக யாரோ ஒருவருடைய பிள்ளையை அப்படி ஏற்ற எங்கள் வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை.

நான்காவது ஆள்தான் சரியாக அமைந்தது. முதலாளி சீனர், கீழே நின்று அப்பாவின் நோட்டைப் பார்த்தார். மேலே ஏறிய தொழிலாளித் தம்பி தமிழ்நாட்டில் அறந்தாங்கிப் பக்கம், இங்கே வந்து ஒன்பது வருடமாம். வாரும் கயிறும் கட்டிக்கொண்டு ஏறியவர் முதலில் கேட்டது தோட்டத்துக் குழாயை. "அக்கா, கீழ இருந்து மேல போவோம், ஒவ்வொரு இடத்துலயும் பத்து நிமிஷம். நீங்க உள்ள நின்னு சொட்டுதான்னு சொல்லுங்க" என்றார். தண்ணீர் எப்போதும் கீழ்நோக்கித்தான் ஓடும் என்பதால் மேலே அடித்துத் தொடங்கினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எந்த ஓட்டை என்று கண்டுபிடிக்க முடியாது. கீழ் விளிம்பு, சொட்டவில்லை. இரண்டு பக்கவாட்டு, சொட்டவில்லை. மேல் விளிம்பில் ஓட்டுக்கும் ஸ்கைலைட் சட்டத்துக்கும் நடுவே மடித்துச் சொருகியிருக்கும் ஃபிளாஷிங் தகட்டில் அடித்து ஆறாவது நிமிடம் மேல் வாளியில் டப் டப் என்று விழ ஆரம்பித்தது. தகட்டுக்குப் பின்னால் காய்ந்த இலைகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் குளம்போல் நின்றிருக்கிறது, அது நிறைந்து உள்ளே வழிகிறது. அப்பா குறித்து வைத்த அந்த இருபது நிமிடம் இதுதான். கடைசியாகப் பாலிகார்பனேட் தகட்டின் மேல் நேராக அடித்தபோது நடு வாளியிலும் விழுந்தது.

மேலேயிருந்தே கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார். தகட்டின் ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் சிலந்தி வலை மாதிரி விரிசல். காரணம் சொன்னார், எனக்குப் புதிது. பாலிகார்பனேட் வெயிலில் நன்றாக நீளும், கண்ணாடியைப் போல ஏழு மடங்குக்கும் மேல். 2.4 மீட்டர் தகட்டின் சூடு 40 டிகிரி கூடினால் 6 மில்லிமீட்டர் நீண்டுவிடும். மதிய வெயிலில் சூடேறி, மூன்று மணி மழையில் சட்டென்று குளிர்ந்து, தினமும் இதே கதை. அதனால் துளையைத் திருகாணியைவிடப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வளையம் வைத்து, அழுத்தி இறுக்காமல் விட வேண்டும். எங்கள் வீட்டில் சரியளவுத் துளை போட்டு முறுக்கியிருக்கிறார்கள். "சீட்டு போயிருச்சுக்கா, அதுல என்ன பூசினாலும் நிக்காது. ஆனா சட்டம் நல்லா இருக்கு, அதை ஏன் பிடுங்கணும்?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதுவரை நான் பேசிய வேலைக்காரர்கள் இரண்டே வழிதான் சொன்னார்கள், பூசு அல்லது மொத்தமாக மாற்று. ஸ்கைலைட் என்பது ஒரே பொருள் இல்லை. சட்டம், தகடு, ஃபிளாஷிங், ரப்பர், சிலிக்கான் என்று ஐந்து பொருள், ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. ரப்பரும் சிலிக்கானும் மட்டும் காய்ந்திருந்தால் சுரண்டிப் புதிதாகப் போட்டால் போதும், தகட்டை மாற்றச் சொல்பவர் உங்களிடம் அதிகம் வாங்கப் பார்க்கிறார். தகடு மஞ்சளாகி, வளைந்து, விரிசல் விட்டிருந்தால் பூசுவது வீண். அலுமினியச் சட்டம் அரித்து, மூலை பிரிந்து, கீழே மரம் இற்றுப்போயிருந்தால்தான் மொத்தமாக எடுக்க வேண்டும்.

கண்ணாடி போடலாமா என்று அப்பா கேட்டார். கண்ணாடி மஞ்சளாகாது, எளிதில் கீறல் விழாது, மழைச் சத்தம் குறைவு. ஆனால் தலைக்கு மேல் போடுவதென்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லாமினேட்டட் வகைதான், உடைந்தாலும் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆறும் ஆறும் பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி எங்கள் அளவுக்கு ஏறக்குறைய 86 கிலோ. இப்போது இருக்கும் 10 மில்லிமீட்டர் உள்ளீடற்ற பாலிகார்பனேட் தகடு 5 கிலோ. ஐந்து கிலோவுக்குக் கட்டிய சட்டத்தில் 86 கிலோவை ஏற்ற வேண்டுமென்றால் பொறியாளர் பார்க்க வேண்டும், சட்டமும் புதிது வேண்டும். கடைசியில் நடுவில் குழி இல்லாத 6 மில்லிமீட்டர் கெட்டி பாலிகார்பனேட் எடுத்தோம், சுமார் 21 கிலோ, அதை இந்தச் சட்டம் தாங்கும் என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் அந்த முதலாளி ஒப்புக்கொண்டார். உள்ளீடற்ற தகட்டில் நுனியை டேப் போட்டு ஒழுங்காக அடைக்காவிட்டால் உள்ளே ஈரம் புகுந்து பாசி பிடிக்கும், எங்களுடைய பழைய தகடு உள்ளே பச்சையாகவே இருந்தது.

மொத்தம் 2,350 வெள்ளி. பூசுவதைவிட ஐந்து மடங்கு, மொத்தமாக மாற்றுவதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சிறு நிறுவனங்கள் பல ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்திருக்காது, பதிவு செய்தவர் சிலர் கடைசியில் சேர்ப்பார்கள். முன்பணம் 20 விழுக்காடுதான் கேட்டார்கள். பெரிய தொகையை முன்னால் கேட்டால் பயனீட்டாளர் சங்கம் நடத்தும் கேஸ்டிரஸ்ட் திட்டத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அதில் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. என்ன தகடு, எத்தனை மில்லிமீட்டர், எத்தனை வருட உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்கினேன், ஏதாவது ஆனால் நான் இங்கே இருக்க மாட்டேன், தம்பிதான் அலைய வேண்டும்.

மழையால் இரண்டு தடவை தள்ளிப்போனது. இரண்டு தடவையும் காலை ஏழரைக்கே செய்தி அனுப்பிவிட்டார்கள், அப்பாவைக் காக்க வைக்கவில்லை. 19ஆம் தேதி வெயில் அடித்தது. காலை ஒன்பதுக்கு ஏறினார்கள், நாலு மணிக்கு இறங்கினார்கள். பழைய சிலிக்கானைச் சுரண்டவே இரண்டு மணி நேரம் ஆனது. தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் படலத்தில் எந்தப் பக்கம் வெயிலைப் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பல தகடுகளில் ஒரு பக்கம் மட்டும்தான். கவிழ்த்துப் போட்டால் சில வருடத்தில் மஞ்சளாகிவிடும். படலத்தை உரிக்கும் முன் அந்தத் தம்பியே என்னைக் கூப்பிட்டுக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மதியம் அம்மா சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் போட்டுச் சாப்பிட வைத்தார். அந்தத் தம்பியின் ஊரில் அவருடைய அம்மாவுக்கும் கூரை ஒழுகுகிறதாம், பொங்கலுக்குப் போக முடிந்தால் பார்க்க வேண்டும் என்றார்.

வாளி வைத்துச் சமாளிப்பவர்களுக்கு ஒன்று. தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டுக்குள் இருக்கும் ஒரு வாளி போதும். கூரைப் பள்ளத்தில் அடைக்கும் இலையையும் வருடத்துக்கு இரண்டு தடவை எடுக்கச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் 80 வெள்ளிக்கு அவர்களே வந்து செய்வதாக ஒப்புக்கொண்டார்கள்.

படிக்கட்டுச் சுவரில் பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது. அம்மாவுக்கு அதைப் பொங்கலுக்கு முன் பெயின்ட் அடிக்க ஆசை. சுவருக்குள் ஈரம் காயாமல் அடித்தால் உரிந்துவிடும், பிப்ரவரி கடைசி வரை விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.