ஃப்ளோட் டியூபில் ஜிக் போட்டு பாஸ் பிடிப்பது: எல்லாம் சரி, அந்த வால்வைத் தவிர

இந்த ஃப்ளோட் டியூப் (உட்கார்ந்தபடி மிதந்து மீன் பிடிக்க உதவும் காற்றடைத்த இருக்கை) மேல் எனக்கிருக்கும் கோபம் முழுக்க இடப்பக்க அறையின் வால்வு மேல்தான். உள்ளே மெல்லிய ரப்பர் மடல் ஒன்று இருக்கிறது. காற்றடிக்கும்போது திறக்கும், நிறுத்தியதும் மூடிக்கொள்ளும். மடலுக்கும் அது உட்காரும் வளையத்துக்கும் நடுவே ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், காற்று நிற்காது. கரையில் வைத்துக் காற்றடிக்க வேண்டிய பொருள் இது. மணல் பட்டால் கெட்டுப்போகும் பாகத்தை இதில் தரையை ஒட்டி வைத்தது மன்னிக்க முடியாத வேலை.

லீக்கையும் குளிரையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வெயிலில் கல் மாதிரி இறுகியிருக்கும் டியூப், குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் தளரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்குவதால் வரும் தளர்ச்சி அது. அதனால் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, மறுபடி நாலு அடி அடித்துக்கொண்டுதான் கிளம்புவேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தளர்ந்தால் குளிர்; ஒரு பக்கம் மட்டும் தொய்ந்தால் வால்வைப் பாருங்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் கொப்புளம் காட்டிக்கொடுத்துவிடும்.

கொஞ்சம் காற்று குறைந்தால் என்ன என்று கேட்கலாம். வேறு தூண்டில் முறை என்றால் நானும் விட்டிருப்பேன். கிராங்க்பெய்ட் (இழுக்கும்போது நீந்துவது போல ஆடும் போலி மீன்) எறிந்து இழுப்பவர் எப்படியும் நகர்ந்துகொண்டே இருப்பார். ஜிக் (கனமான உலோகத் தலை கொண்ட, அடிக்கு இறக்கும் தூண்டில் முள்) அப்படியில்லை, அதற்கு ஆள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் தொய்ந்தால் டியூப் சாயும், உடம்பும் கூடவே சாயும். இரண்டு காலையும் ஒரே அளவில் உதைத்தாலும் நேராகப் போகாமல் வளைந்துகொண்டே போகும். தூண்டில் நரம்பு தளர்ந்து வயிறு போலத் தொங்கும். அடியில் என்ன நடக்கிறது என்பது கைக்கு வராது.

டியூபில் காற்று இறங்காமல் நின்ற காலைகளில் இதற்கு ஈடான இருக்கையே கிடையாது. காற்று வீசத் தொடங்கும் முன், பாசி முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பில், காலில் மாட்டிய ஃபின்னை (நீந்தும் துடுப்பை) லேசாக அசைத்தபடி அப்படியே நிற்கலாம். மோட்டார் சத்தம் இல்லை, படகின் வயிற்றில் அலை அறையும் ஓசையும் இல்லை. தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் மீனுக்கு நம் உருவமும் எளிதில் தெரியாது. படகில் இருந்து நீளமாக எறிய வேண்டிய இடத்தை, இங்கே தூண்டில் கோலை நீட்டி ஜிக்கை மெதுவாக இறக்கியே தொட்டுவிடலாம்.

அந்த இறக்கத்தில்தான் பெரும்பாலான கடி வருகிறது. 10 கிராம் ஜிக் விழும்போது நான் பார்ப்பது நரம்பு தண்ணீரைத் தொடும் புள்ளியை மட்டுமே. அடியைத் தொட வேண்டிய நேரத்துக்கு முன்பே நரம்பு நின்றுவிடும், அல்லது ஓசையில்லாமல் பக்கவாட்டில் நகரும். கைக்கு ஒன்றுமே வந்திருக்காது, ஆனால் பாஸ் மீனின் வாயில் ஜிக் இருக்கும். அப்படிக் கண்ணால் பிடித்த மீன்களுக்காகவே இந்த டியூபை இத்தனை காலம் பொறுத்துக்கொண்டேன்.

பாறை அடி என்றால் டங்ஸ்டன் தலைக்கு மாறிவிடுங்கள். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டனுடையது 19.3 கிராம். அதே எடைக்குத் தலை சின்னதாகும், கல்லில் உரசுவது கோல் வழியாகத் தெளிவாகத் தெரியும். பாறைக்கு அமெரிக்கக் கால்பந்து வடிவ ஃபுட்பால் தலை, பாசிக்கு அதில் எளிதில் சிக்காத ஆர்க்கி தலை.

மீன் வாயில் முள்ளேற்றுவது மட்டும் இங்கே வேறு மாதிரி. காலுக்குப் பிடிமானம் இல்லை. கோலை வெட்டி இழுத்தால் டியூபே மீன் பக்கம் போகும், பாதி பலம் அதிலேயே போய்விடும். முதலில் நரம்பின் தளர்ச்சியைச் சுற்றி எடுத்து, பின்னோக்கி ஓர் உதை கொடுத்தபடி கோலைப் பக்கவாட்டில் வீசுங்கள். ஜிக்கின் பாசித் தடுப்பு இழைகளிலும் (முள் பாசியில் மாட்டாமல் காக்கும் நார்கள்) சிலவற்றை வெட்டிவிடுங்கள். இழை விறைப்பாக இருந்தால் தாழ்ந்த இருக்கையில் இருந்து முள்ளை ஆழமாக ஏற்றுவது கடினம். ஃபின் போட்ட காலோடு கரையேறும்போது பின்னோக்கியே நடங்கள். லைஃப் ஜாக்கெட் பற்றி விவாதமே வேண்டாம், போட்டாக வேண்டும்.

வால்வை இப்போது மாற்றியாகிவிட்டது. புதியது நன்றாகவே நிற்கிறது. ஆனால் அதுவும் அதே வகை, அதே இடத்தில், அதே மணலுக்குப் பக்கத்தில்.

இதே மாடலை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாஸ் பிடிக்க இதைவிட நல்ல இருக்கை எனக்குத் தெரியாது, என்னுடையதை விற்கவும் மாட்டேன். இருந்தாலும் கரை தூரத்தில் இருக்கும்போது எந்தப் பக்கம் தொய்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டே மீன் பிடிக்கும் நிலைமையை இன்னொருவருக்குக் காசு கொடுத்து வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வால்வை மேலே மாற்றி வைத்து அடுத்த மாடல் வரட்டும், அன்றைக்கு நானே கூட வந்து வாங்கித் தருகிறேன் என்றேன்.